பெயிண்ட் செதிலும் நூலிழையும் பார்க்கிற வேலைக்கு எதிர்காலம் உண்டா?

பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "தடய அறிவியலில் நுண்தடயப் பிரிவுக்குப் போக ஆசை. டிஎன்ஏ வந்த பிறகு நூலையும் கண்ணாடித் துகளையும் யார் கேட்கப்போகிறார்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள். எம்.எஸ்சி.யில் எதை எடுக்கட்டும்?" படிப்பைப் பற்றிய கேள்வியாகத்தான் இது தெரிகிறது. ஆனால் அவர் உண்மையில் கேட்பது வேறு. ஒரு துணுக்கு நூலையோ பெயிண்ட் செதிலையோ வைத்து எவ்வளவுதான் சொல்ல முடியும், அதை நம்பி முப்பது வருட வாழ்க்கையைக் கொடுக்கலாமா என்பதுதான் அது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். ஒரு மாநில ஆய்வகத்தின் இயற்பியல் பிரிவில் 26 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டிஎன்ஏ, சைபர், நச்சுயியல் எல்லாம் என் பக்கத்து அறைக்காரர்களின் துறை. அவற்றைப் பற்றி அவர்களிடம் கேட்பதுதான் முறை.

முதலில் ஒரு விஷயம். நம் ஊர் ஆய்வகத்தில் "நுண்தடயப் பிரிவு" என்று பெயர்ப்பலகை தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. கண்ணாடி, பெயிண்ட், மண், நார், கருவித் தடம் எல்லாம் இயற்பியல் பிரிவுக்கு வரும். துப்பாக்கி சுட்ட கைத்துடைப்பு, அதாவது சுட்டவர் கையைத் துடைத்தெடுத்த பஞ்சு, ஆயுதப் பிரிவுக்குப் போகும். முடி உயிரியலுக்கு. தீ வைத்த இடத்துச் சாம்பலில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பது வேதியியலுக்கு. ஆகவே நீங்கள் நுண்தடய நிபுணராகச் சேர முடியாது. ஏதாவது ஒரு பிரிவில் சேர்ந்து, பத்து வருடம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, நுண்தடய நிபுணராக ஆகலாம். திருட்டு வண்டியின் எஞ்சின் நம்பரை அரத்தால் ராவி அழித்திருப்பார்கள், அமிலம் தடவி அதை மேலே கொண்டுவருவதும் அந்த மேஜையில்தான் நடக்கும். பழமையான மேஜை இது. இந்தியாவின் முதல் இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849இல் சென்னை மாகாணத்தில்தான் தொடங்கியது.

இனி அந்த மேஜைக்கு வாருங்கள். லாரி ஒன்று முதியவர் ஒருவரை அடித்துவிட்டு நிற்காமல் போன வழக்கு. கோர்ட் வழியாக வந்த பார்சலில் அரக்கு முத்திரையை மாதிரி முத்திரையோடு ஒப்பிட்டுப் பதிவு செய்துவிட்டு, மேஜையில் புது பிரவுன் தாள் விரித்துப் பிரித்தேன். உள்ளே ஒரு வெள்ளை வேட்டி. ஈரம் காயாமல் மடித்துப் பாலிதீனில் கட்டியிருந்ததால் பூஞ்சை பிடித்து, மடிப்புகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு மடிப்பாகப் பிரிக்கவே அரை நாள் ஆனது. கரைக்கு நாலு விரல் மேலே, நெசவு நசுங்கிய இடத்தில், எள்ளில் பாதி அளவுக்கு ஒரு மஞ்சள் செதில். அதை ஃபோர்செப்ஸால் எடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும், பறந்தால் போயே போச்சு. செதிலைக் குப்புறப் படுக்கவைக்காமல் விளிம்பு தெரிய நிறுத்தி ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். மேலே மஞ்சள், அதன் கீழே பழுப்பு, பச்சை, மறுபடி மஞ்சள், இடையில் அழுக்குக் கோடு, மறுபடி மஞ்சள் என்று போய் அடியில் சாம்பல் பிரைமர். எண்ணினால் 9 அடுக்கு.

நம் லாரிகளின் இயல்பு இது. எஃப்சி-க்குப் போகும்போதெல்லாம் பழைய பெயிண்ட்டைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே அடித்துவிடுவார்கள். முதலாளி மாறினால் நிறம் மாறும். அதனால் பத்து வருடம் ஓடிய லாரியின் பெயிண்ட், மரத்தின் ஆண்டு வளையம் மாதிரி அந்த வண்டியின் சரித்திரத்தையே வைத்திருக்கும். கம்பெனியிலிருந்து புதிதாக வந்த வெள்ளைக் காரில் அப்படி இல்லை. நாலு அடுக்குதான், அதே நாலு அடுக்கு அந்த மாடலின் ஆயிரக்கணக்கான கார்களில் இருக்கும். பளபளப்பான புதுக் காரை விட ஓட்டை லாரியைப் பற்றி நான் அதிகம் சொல்ல முடிந்ததற்கு இதுதான் காரணம். அந்த வழக்கில் சந்தேகப்பட்ட லாரியிலிருந்து முதலில் அனுப்பிய மாதிரி உபயோகமில்லாமல் போனது, மேல் மஞ்சளை மட்டும் சுரண்டியிருந்தார்கள். இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்து அனுப்பச் சொல்லி விசாரணை அதிகாரிக்கு (ஐ.ஓ.) எழுதினேன். இரண்டாவது மாதிரியில் 9 அடுக்கும் நிறமும் வரிசையும் மாறாமல் வந்தன. அதன் பிறகுதான் ஒவ்வொரு அடுக்கின் பிசினையும் நிறமியையும் எஃப்டிஐஆர் என்ற அகச்சிவப்புக் கருவியிலும், தனிமங்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியிலும் பார்த்தோம்.

உங்கள் வீட்டார் கேட்ட டிஎன்ஏ கேள்விக்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. லாரிக்கு டிஎன்ஏ கிடையாது. அடிபட்டவரின் இரத்தம் பம்பரில் இருந்தால் டிஎன்ஏ பேசும். கழுவிவிட்டால் பேசாது, வேட்டியில் ஒட்டிய செதில் மட்டும்தான் மிச்சம். இன்னொரு பாதி: "யார்" என்று டிஎன்ஏ சொல்லும் அளவுக்கு "எப்படி" என்று சொல்லாது. ஒருவரின் தோல் செல் ஒரு கதவில் இருந்தால் அவர் கதவை உடைத்தாரா, போன வாரம் விருந்துக்கு வந்து தொட்டாரா என்பது தனிக் கேள்வி. உடைந்த ஜன்னலின் துகள் அவர் சட்டையின் முன்பக்கத்திலும் தலைமுடியிலும் இருந்தால் அது வேறு கதை. கண்ணாடி உடையும்போது துகள்கள் உடைப்பவர் பக்கமும் தெறிக்கும். ஆனாலும் உங்களிடம் மறைக்கக் கூடாது: மேலைநாடுகளில் பல ஆய்வகங்கள் டிஎன்ஏவுக்குப் பணத்தைத் திருப்பி, நார், முடி பார்க்கும் பிரிவுகளைச் சுருக்கியோ மூடியோ விட்டன. அந்தக் காற்று இங்கேயும் அடிக்கிறது.

இந்தத் துறையில் உறுதியாகச் சொல்லக்கூடியவை இரண்டு. ஒன்று, பொருந்தாமை. அடுக்கு வரிசை வேறாக இருந்தாலோ நாரின் வகையே வேறாக இருந்தாலோ, "இது அதிலிருந்து வரவில்லை" என்று தயங்காமல் சொல்லலாம். நிரபராதி ஒருவரை வெளியே விடுவதற்கு இது போதும், அப்படி அனுப்பிய அறிக்கைகள்தான் எனக்கு அதிக நிறைவு தந்தவை. இன்னொன்று, உடைந்த துண்டும் உடைந்த இடமும் ஒன்றோடொன்று பொருந்துவது. கிழிந்த துணியோ உடைந்த ஹெட்லைட்டோ, விளிம்பு விளிம்பாகச் சேர்ந்தால் அதற்கு மேல் வாதம் குறைவு. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்தவர் பி. சந்திரசேகரன். குண்டை எதில் வைத்துக் கொண்டுவந்தார்கள் என்பதே முதல் கேள்வியாக இருந்தபோது, சிதறிக் கிடந்த டெனிம் துணித் துண்டுகளையும் ஒயர்களையும் பொறுக்கிச் சேர்த்துப் பார்த்து, அது ஒரு பெண் தன் உடம்பில் கட்டி வந்த குண்டு என்று அவரும் அவர் குழுவும் காட்டினார்கள். 2000இல் அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்களுக்கெல்லாம் அதுதான் பாடம்: கூட்டிப் பெருக்கித் தள்ளும் குப்பையில்தான் வழக்கு இருக்கிறது.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் அன்றாட வேலை. அங்கேதான் நிதானம் வேண்டும். சட்டையில் கிடைத்த நார் வெள்ளைப் பருத்தி என்றால் அதற்கு மதிப்பே இல்லை, உங்கள் மேஜையில் இப்போது கை வைத்தாலும் ஒட்டும். ஜீன்ஸின் நீலப் பருத்தியும் ஏறக்குறைய அப்படித்தான். ஜன்னல் கண்ணாடியின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்ற அளவு, 1.52ஐ ஒட்டியே இருக்கும். 1950களின் கடைசியில் பில்கிங்டன் கம்பெனி உருக்கிய தகரத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிடும் முறையைக் கொண்டுவந்த பிறகு கண்ணாடிக்குக் கண்ணாடி வித்தியாசம் குறைந்துகொண்டே வருகிறது. சிலிக்கோன் எண்ணெயில் துகளைப் போட்டுச் சூடேற்றினால் ஒரு கட்டத்தில் எண்ணெயின் எண்ணும் துகளின் எண்ணும் ஒன்றாகி, துகளின் ஓரக்கோடு மங்கி, துகளே கண்ணிலிருந்து மறையும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி அது. ஆனால் இரண்டு துகளும் ஒரே வெப்பநிலையில் மறைந்தன என்பதற்கு அர்த்தம், இரண்டும் ஒரே ஜன்னல் என்பதல்ல. அந்த எண் உள்ள கண்ணாடி ஊரில் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அது எவ்வளவு பெரிய செய்தி என்று சொல்ல முடியும்.

நேரமும் இதில் ஒரு பெரிய விஷயம். 1910இல் பிரான்ஸின் லியோன் நகரில் போலீஸ் ஆய்வகம் தொடங்கிய எட்மண்ட் லொக்காரின் கொள்கையைத் தமிழில் "தொட்டால் ஒட்டும்" என்று சொல்லிவிடலாம். ஒட்டியது உதிரவும் செய்யும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். துணியில் ஒட்டிய நார்களில் பெரும்பகுதி நடமாட்டத்தில் முதல் சில மணி நேரத்திலேயே உதிர்ந்துவிடும் என்று 1970களில் இங்கிலாந்தில் சோதித்துக் காட்டினார்கள். பத்து நாள் கழித்துக் கைது செய்து, இடையில் நாலு முறை துவைத்த சட்டையை அனுப்பி "நார் இல்லை" என்று பதில் வந்தால், அதற்கு அவர் அங்கே போகவில்லை என்று பொருள் இல்லை. போனார் என்றும் பொருள் இல்லை. இன்னொரு பக்கம், ஒட்டக்கூடாத இடத்தில் ஒட்டும். இறந்த பெண்ணின் துணியையும் பிடிபட்டவரின் துணியையும் ஒரே துணிப்பையில் கட்டி ஒரு காவல் நிலையத்திலிருந்து எங்களுக்கு அனுப்பினார்கள். பிடிபட்டவரின் சட்டையில் அந்தப் பெண்ணின் சேலை நார் நிறைய இருந்தது. எப்போது வந்தது? சம்பவத்தின்போதா, பைக்குள்ளா? எந்தக் கருவியும் அதைச் சொல்லாது. பார்சல் வந்த நிலையை விவரித்து, "கருத்துச் சொல்ல இயலாது" என்று எழுதினேன். அந்தப் பெண்ணின் அண்ணன் அலுவலக வாசலில் வந்து, "எல்லாம் இருக்குன்னு சொன்னாங்களே சார், ஏன் எழுத மாட்டேங்கறீங்க" என்று கேட்டார். அவரிடம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

சந்தேகத்துக்கு உரியவற்றில் முதலாவது முடி. இரண்டு முடிகளை ஒப்பீட்டு நுண்ணோக்கியில் பக்கத்தில் வைத்துப் பார்த்து "ஒரே ஆளுடையது" என்று சொல்லும் காலம் முடிந்துவிட்டது. அமெரிக்காவின் எஃப்பிஐ தன் பழைய முடி வழக்குகளை மறுபரிசீலனை செய்து 2015இல் வெளியிட்டபோது, எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, பாதகமாகச் சாட்சி சொல்லப்பட்ட 268 வழக்குகளில் 257இல் நிபுணர்கள் வரம்பு மீறிப் பேசியிருந்தது தெரிந்தது. வாஷிங்டனில் சான்டே டிரிபிள் என்பவர் ஒரு முகமூடியில் இருந்த முடியால் பல பத்தாண்டு தண்டனையைச் சுமந்தார். பிற்பாடு டிஎன்ஏ பார்த்தால் அங்கிருந்த 13 முடிகளில் ஒன்றுகூட அவருடையதல்ல, ஒன்று நாயின் முடி. அவர் விடுவிக்கப்பட்டது 2012இல். அந்த நிபுணர்கள் பொய்யர்கள் என்று நான் நினைக்கவில்லை. கண் பார்த்ததை வாய் பெரிதாக்கியது. இரண்டாவது, துப்பாக்கித் துகள். ஈயம், பேரியம், ஆன்டிமனி மூன்றும் ஒரே உருண்டைத் துகளில் இருந்தால்தான் அதைத் தோட்டாவின் துகள் என்று பேசத் தொடங்கலாம். பிரேக் பேடிலிருந்தும் பட்டாசிலிருந்தும் இதில் ஒன்றிரண்டு தனிமங்கள் கைக்கு வரும். தீபாவளி வாரத்தில் எடுத்த கைத்துடைப்பைப் பார்க்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும். லண்டனில் ஜில் டாண்டோ என்ற தொலைக்காட்சித் தொகுப்பாளரின் கொலை வழக்கில் பேரி ஜார்ஜ் என்பவரின் கோட்டுப் பையில் இருந்த ஒரே ஒரு துகள் 2001இல் அவரைச் சிறைக்கு அனுப்பியதில் பங்கு வகித்தது. அவர் சுட்டிருந்தாலும் சுடாவிட்டாலும் அப்படி ஒரு துகள் இருக்க ஒரே அளவு வாய்ப்புதான் என்று பின்னர் ஒப்புக்கொண்டார்கள். 2007இல் தண்டனை ரத்தாகி, 2008 மறுவிசாரணையில் விடுதலையானார்.

வெளிநாட்டுத் தவறுகளைச் சொல்லிவிட்டு என்னுடையதைச் சொல்லாமல் இருக்க முடியாது. வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருடம், ஒரு வீடு புகுந்து திருடிய வழக்கு. ஜன்னல் கம்பியில் சிக்கிய நீல நூல் எதிரியின் சட்டை நூலோடு நிறம், சாயம், நார்க் கலவை எல்லாவற்றிலும் ஒத்திருந்தது. அறிக்கை ஆங்கிலத்தில்தான் எழுதுவோம், "சிமிலர்" என்று எழுதினேன். அது சரிதான். கூண்டில் ஏறியதும் அரசு வழக்கறிஞர் தமிழில் கேட்டார்: "அப்ப இது எதிரியோட சட்டை நூல்தானே?" நான் "ஆமாங்க, ஒத்துப்போகுது" என்றேன். தட்டச்சாகி வந்த வாக்குமூலத்தில் "எதிரியின் சட்டையிலிருந்து வந்த நூல்" என்று இருந்தது. படித்துப் பார்த்துக் கையெழுத்தும் போட்டேன், அந்த வித்தியாசம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. தீர்ப்பில் என் சாட்சியத்துக்கு ஒரு முழுப் பத்தி. சில மாதம் கழித்து வேறு ஒரு வழக்குக்காக அந்த ஊர்ப் பக்கம் போனபோது, ஆலை ஷிஃப்ட் விட்டுக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். அத்தனை பேர் மேலும் அதே நீலச் சட்டை. அது ஆலைச் சீருடைத் துணி. வேறு சாட்சிகளும் அந்த வழக்கில் இருந்தன என்பதை எனக்கு நானே பல முறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்றிலிருந்து எந்தக் கோர்ட்டிலும் கேள்வி வரும் வரை காத்திருந்ததில்லை. "இந்த நூல் அந்தச் சட்டையிலிருந்து வந்திருக்கலாம், அதே துணியில் தைத்த வேறு எந்தச் சட்டையிலிருந்தும் வந்திருக்கலாம்" என்று நானே தமிழில் சொல்லி, அது அப்படியே பதிவாகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன். "ஒன்றுபோல" என்பதற்கும் "ஒன்றே" என்பதற்கும் நடுவில் ஒருவரின் ஆயுள் இருக்கிறது. உங்கள் வேலை முழுக்க அந்த இடைவெளியைக் காப்பதுதான்.

எதிர்காலம் என்று கேட்டீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு, 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை வரக்கூடிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போய்த் தடயம் சேகரிக்க வேண்டும் என்கிறது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு 5 ஆண்டு வரை அவகாசமும் உண்டு. அதாவது ஆட்கள் தேவைப்படுவார்கள். ஆனால் சம்பவ இடத்துக்கு ஓட எடுக்கும் ஆளும் நுண்ணோக்கியில் உட்கார எடுக்கும் ஆளும் ஒருவராகவே இருந்தால் இரண்டும் கெடும் என்பது என் கவலை. ஒரு செதிலுக்கு ஒரு வாரம் கேட்கும் வேலை இது. மேஜையில் பார்சல்கள் குவிந்துகொண்டே இருக்கும். அரசு அறிவியல் வல்லுநரின் அறிக்கையை நேரில் வரவழைக்காமலேயே சான்றாக ஏற்கலாம் என்று அதே சட்டத்தின் 329ஆம் பிரிவு சொன்னாலும் சம்மன் வரத்தான் செய்யும். இரவு பஸ்ஸில் போய், காலையில் கோர்ட் வராந்தாவில் நின்று, "இன்று வாய்தா" என்று கேட்டுத் திரும்பிய நாட்கள் எனக்குக் கணக்கில்லை. காணொலிச் சாட்சியம் வந்த பிறகு அந்தச் சிரமம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

படிப்பைப் பற்றி என் கருத்து: நல்ல பகுப்பாய்வு வேதியியல் உள்ள எம்.எஸ்சி. வேதியியல் கிடைத்தால் அதையே எடுங்கள். தடய அறிவியலில் எம்.எஸ்சி. தவறில்லை. காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் போன்ற நல்ல ஆய்வக வசதி உள்ள இடம் என்றால் தாராளமாகப் போகலாம். கருவியே இல்லாமல் பவர்பாயின்ட்டில் தடயவியல் நடத்தும் கல்லூரிகளும் பெருகிவிட்டன, அங்கே இரண்டு வருடத்தைத் தொலைக்காதீர்கள். சேரும் முன் டிஎன்பிஎஸ்சி-யின் இளநிலை அறிவியல் அலுவலர் பணிக்கான பழைய அறிவிக்கைகளையும், மத்தியத் தடய அறிவியல் ஆய்வகங்களுக்கு யுபிஎஸ்சி வெளியிட்டவற்றையும் எடுத்து வைத்து, எந்தப் பிரிவுக்கு எந்தப் பட்டம் கேட்டிருக்கிறார்கள் என்று வரி வரியாகப் படியுங்கள். பட்டத்தின் பெயர் ஒரு சொல் மாறியதால் விண்ணப்பம் தள்ளுபடியான பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். யுஜிசி நெட் தேர்வில் தடய அறிவியல் ஒரு பாடமாக இருப்பதால் ஆசிரியர் வழியும் திறந்தே இருக்கிறது. எதை எடுத்தாலும் கூடவே புள்ளியியல் கற்றுக்கொள்ளுங்கள். எங்கள் தலைமுறை அதில் பலவீனம். "ஒத்திருக்கிறது" என்பதற்கு எடை சொல்ல அது இல்லாமல் முடியாது.

நாற்றத்துக்கும் இரத்தக் கறைக்கும் எல்லோரும் பயப்படுகிறார்கள், அது ஆறு மாதத்தில் பழகிவிடும். பழகாதது வேறு. மூன்று வாரம் பார்த்த பிறகு "கருத்துச் சொல்ல இயலாது" என்று எழுதும்போது, ஐ.ஓ.வின் தொலைபேசி வரும், மேலதிகாரியின் முகம் மாறும், அந்த அண்ணனைப் போன்ற ஒருவர் வாசலில் நிற்பார். அப்போதும் அதே வரியை எழுத உங்களால் முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியும் என்றால் வாருங்கள், இந்த மேஜைக்கு உங்களைப் போல ஆசைப்பட்டு வருகிறவர்கள் வேண்டும்.

கடைசி ஆண்டு புராஜெக்ட் இன்னும் முடிவாகவில்லை என்றால் ஒரு யோசனை. கனடாவின் ஆர்சிஎம்பி போலீஸ், கார் கம்பெனிகளின் பெயிண்ட் அடுக்குகளைப் பல நாடுகளிலிருந்து சேகரித்துப் பிடிக்யூ என்று ஒரு பெரிய தொகுப்பு வைத்திருக்கிறது. திரும்பத் திரும்பப் பெயிண்ட் அடித்த நம் லாரிகளுக்கு அது உதவாது. உங்கள் ஊர் லாரிப் பட்டறைக்குப் போய், அனுமதி கேட்டு, 30 லாரிகளிலிருந்து இரும்பு வரை வெட்டிய செதில் ஒவ்வொன்று வாங்குங்கள். வெண்ணெய்த் தாளில் மடித்து, வண்டியின் வயது, எத்தனை முறை அடித்தது, எந்தப் பக்கம் எடுத்தது என்று மேலே எழுதுங்கள். கல்லூரி நிலவியல் (ஜியாலஜி) துறையில் போலரைசிங் மைக்ரோஸ்கோப் இருக்கும், கேட்டால் தருவார்கள். அடுக்குகளை எண்ணி, எந்த இரண்டு லாரிக்காவது ஒரே வரிசை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் எத்தனை ஜோடி? அந்த எண்ணிக்கை என் 26 வருடத்தில் என் கையில் இருந்திருந்தால், கூண்டில் நின்று நான் சொன்ன பல வாக்கியங்கள் வேறு மாதிரி இருந்திருக்கும்.